கூட்டக்குறிப்பு எந்த மொழியில்? எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயாவுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் நான்காம் ஆண்டில் படிக்கும் ஒரு பையனின் அம்மா. இதே பள்ளியின் பழைய மாணவியும்கூட, அதாவது பள்ளி கித்தா (ரப்பர்) தோட்டத்துக்குள் இருந்த காலத்து மாணவி. கூட்டத்தில் கை தூக்கிப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்கும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கும்போதுதான் கேட்டிருக்க வேண்டியதெல்லாம் வரிசை கட்டி வந்தது. பள்ளியின் பெயரை இதில் எழுதவில்லை. நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடுவது எந்தெந்தக் குழுவுக்கெல்லாம் போய்ச் சேரும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மலேசியாவில், கெடா மாநிலத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி என்று இருந்தால் போதும்.

ஆண்டுக் கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலியில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டாம் ஆண்டுப் பேத்தியை வளர்ப்பவர். மகளும் மருமகனும் பினாங்கில் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. கூட்ட அறிவிப்பை நான்காக மடித்துக் கையிலேயே வைத்திருந்தார். திரையில் ஆங்கிலத்தில் ஓடியது, பேசியவரும் ஆங்கிலத்திலேயே பேசினார். "என்னம்மா சொல்றாங்க?" என்றார் பாட்டி. கணக்கு வாசிக்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "கூரை ஒழுகுதே, அதுக்கு எவ்வளவுன்னு சொன்னாங்களா?" என்றார். இன்னும் அதற்கு வரவில்லை என்றேன். மூன்றாவது முறை கேட்டபோது, "அப்புறம் சொல்றேன் பாட்டி" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. தீர்மானத்துக்கு எல்லாரும் கை தூக்கியபோது அவரும் தூக்கினார். நானும்தான் தூக்கினேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அன்றைக்கு நாம் கை தூக்கியது எதற்கு என்பதைக் கூட்டத்துக்கு வராதவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆண்டிலிருந்து சங்கத்தின் கூட்டம், கூட்டக்குறிப்பு, சுற்றறிக்கை, புலன அறிவிப்பு எல்லாம் ஆங்கிலத்திலும் மலாயிலும் மட்டும் இருக்கும். பள்ளிப் பாடல் காலத்துக்கு ஏற்ப மாற்றப்படும். மாடிப்படியில் எழுதியிருக்கும் தமிழ்ச் சொற்களை அழித்துவிட்டு, பள்ளியின் புதிய ஆங்கில முழக்கத்தை ஒரு படிக்கு ஓர் எழுத்தாக எழுதப் போகிறார்கள். இதற்கெல்லாம் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: பள்ளிக்கு ஒரு 'இமேஜ்' வேண்டும்.

உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. முதலாம் ஆண்டுக்கு வரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். நம்மவர்கள் பெற்றுக்கொள்வதே குறைந்துவிட்டது, அதிலும் ஒரு பங்கு மலாயில் பாடம் நடக்கும் தேசியப் பள்ளிக்கும் சீனப்பள்ளிக்கும் போகிறது. இளம் பெற்றோரில் பலர் தேசியப் பள்ளியில் படித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. தமிழில் சுற்றறிக்கை அனுப்பினால், "இது என்ன எழுதியிருக்கு?" என்று படம் பிடித்து எனக்கே அனுப்புகிறார்கள். செயலாளர் ஒரே விஷயத்தை மூன்று மொழியில் தட்டச்சு செய்து சலித்துப் போயிருக்கிறார் என்பதும் தெரியும். சம்பளம் இல்லாத வேலை.

இந்த 'இமேஜ்' பேச்சு எங்கிருந்து தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். அரசாங்கத் தேர்வு இருந்தவரை நமக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. எல்லாத் தாளிலும் ஏ வாங்கியவர்கள் என்று, முன்பு 7ஏ, 2016 முதல் 8ஏ என்று வாசலில் பதாகை கட்டுவோம். பிள்ளைகளின் முகங்களை வட்டவட்டமாக வெட்டி ஒட்டியிருப்போம். நாம் யார் என்று கேட்டால் பதாகையைக் காட்டினால் போதும். 2021இல் அரசாங்கம் அந்தத் தேர்வை நிறுத்தியது. பதாகை இறங்கியதும் வாசல் வெறிச்சென்று ஆகிவிட்டது. பிறகு ரோபோ போட்டி, புத்தாக்கப் போட்டிப் பதக்கங்கள் வந்தன. அவை வரட்டும், பிள்ளைகளுக்கு நல்லதுதான், என் மகனும் அட்டையில் ஏதோ செய்துகொண்டிருக்கிறான். ஆனால் இந்தப் பதக்கங்களை எந்தப் பள்ளியும் வாங்கலாம். பக்கத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) தேசியப் பள்ளியும் வாங்குகிறது. அவர்களிடம் இல்லாத எது நம்மிடம் இருக்கிறது என்று ஒரு பெற்றோர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

"எங்களிடம் தமிழ் சொல்லித் தருகிறோம்" என்று சொன்னால் அது பாதிப் பதில்தான். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, தேசியப் பள்ளியிலும் 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்த வேண்டும். ஆசிரியர் கிடைக்கிறாரா என்பது வேறு கதை. தமிழ் ஒரு பாடமாக மட்டும் வேண்டுமென்றால் அதற்கு ஒரு பள்ளியையே கட்டிக் காக்க வேண்டியதில்லை. நம் பள்ளியில் தமிழ் பாடவேளையோடு முடிவதில்லை. வாய்பாடு தமிழில், அறிவியல் தமிழில், நன்னெறிக் கல்வி தமிழில். திடலில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்தால் ஆறுதலும் தமிழில், திட்டும் தமிழில்.

போன மாதம் என் மகன் வந்து, "மா, என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்காம், ஆசிரியை சொன்னாங்க" என்றான். அவனுக்கு வருத்தமே இல்லை, சிரிப்பு. கோழி எப்படிக் கிண்டும் என்று கேட்டான். எங்கள் தாமானில் கோழி இல்லை. யூடியூபில் ஒரு கோழி குப்பையைக் கிளறுவதைக் காட்டினேன். அரை மணி நேரம் பார்த்தான். பார்த்துவிட்டு, "அட, என் 'ழ' அப்படித்தான் மா இருக்கு" என்றான். இதே திட்டை ஆங்கிலத்தில் ஒரு புள்ளி, ஒரு தர எண் என்று கொடுத்திருந்தால் அவன் நோட்டை மூடியிருப்பான். என் பாட்டி என் அம்மாவையும், அம்மா என்னையும் இதே வாக்கியத்தால்தான் திட்டினார்கள். எங்கள் குடும்பத்தின் கையெழுத்து அப்படி.

இனி மாடிப்படி விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொந்த ஆதங்கமும் உண்டு. அதை மறைத்து எழுதினால் நியாயமாக இருக்காது.

பள்ளி தோட்டத்திலிருந்து தாமானுக்கு மாறியபோது பெற்றோர்கள் சேர்ந்து கோத்தோங் ரோயோங், அதாவது கூட்டுப்பணி, செய்தார்கள். லாரி இரண்டு நடைதான் வந்தது. மீதி மேசை, பெஞ்சுகளை ஆட்கள் தலையில் தூக்கி வந்தார்கள். மணிக்குப் பதிலாகத் தொங்கிக்கொண்டிருந்த தண்டவாளத் துண்டை இரண்டு பேர் கம்பில் கோத்துத் தோளில் சுமந்து வந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கட்டடம் அரசாங்கம் கட்டியது, சாயம் பூசியது நாங்கள். படிகளில் ஒவ்வொரு சொல்லாக எழுதச் சொன்னார் அன்றைய தலைமையாசிரியர். அன்பு, பணிவு, நேர்மை, பொறுமை, நன்றி என்று போகும். எட்டாவது படியை எழுதியது என் அம்மா. பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர், மூன்றாம் ஆண்டோடு நின்றவர். 'நன்ரி' என்று எழுதிவிட்டார்.

தலைமையாசிரியர் பார்த்தார், சிரிக்கவில்லை. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் நான்கு பேரைக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு ஓர் எழுத்து உதவி வேணும், போங்க" என்றார். ஒரு பையன் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் 'ற' எழுதிக் காட்டினான். அம்மா அதைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினார். பழைய சாயம் தீர்ந்துபோனதால் வேறு நீலம். இன்றைக்கும் குனிந்து பார்த்தால் 'ற'வுக்குப் பின்னால் 'ர' தெரியும். பணிவு என்று எழுதிய படிதான் அதிகம் தேய்ந்திருக்கிறது, ஏனென்று தெரியவில்லை. ஓய்வு மணி அடித்ததும் ஓடுகிற பிள்ளைகள் அங்கேதான் காலை ஊன்றித் திரும்புகிறார்கள் போலிருக்கிறது.

பள்ளியின் பண்பு என்று நீங்கள் திரையில் ஐந்து ஆங்கிலச் சொற்களைக் காட்டினீர்கள். நல்ல சொற்கள்தான். எனக்குத் தெரிந்த பண்பு அந்தத் தலைமையாசிரியர் சிரிக்காமல் நின்ற அரை நிமிடம். படிக்காத ஒரு தாயைப் பிள்ளைகள் முன்னால் சிறுமைப்படுத்தாமல், அவருக்குக் கற்றுக்கொடுக்கும் பெருமையையும் பிள்ளைகளுக்கே கொடுத்தார். அந்தப் பையன்களுக்கு அது வெறும் எழுத்துப் பாடமாகவா இருந்திருக்கும்? படியை அழித்தால் அந்தக் கதை எங்கே போய் நிற்கும்?

பள்ளியின் வரலாறு என்று ஒரு பக்கம் காட்டினீர்களே, அதில் கட்டடம் திறந்த தேதி மட்டும் இருந்தது. அதற்கு முன்னால் நடந்ததை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதைத்தான் இந்த நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகச் சொல்கிறோம். 2016இல் அதன் 200ஆம் ஆண்டைக் கொண்டாடவும் செய்தோம். தோட்டத்துப் பள்ளிகளுக்கு வேர் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. துரைமார் பாசத்தில் நடத்தவில்லை. ஆள் தோட்டத்தை விட்டுப் போகாமலிருந்தால் சரி என்று ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும். பல இடங்களில் ஆட்களை மேய்க்கும் கங்காணியோ கணக்கு எழுதும் கிராணியோதான் வாத்தியார். அந்தக் கொட்டகையைப் பள்ளியாக மாற்றியது நம் ஆட்கள்தான். சுதந்திரம் கிடைத்த 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனை வந்தது, தாமான் வந்தது. இன்று 500க்குச் சற்று மேல். அந்த எண்ணிக்கைக்குள் நம் பள்ளியும் தப்பிப் பிழைத்து நிற்கிறது என்றால், தலையில் பெஞ்சு தூக்கியவர்கள் உண்டு என்பதால்தான்.

மொழியால் ஒரு பள்ளிக்கூடம் எப்படி ஒரு குடும்பமாகிறது என்று பார்க்க ஆசைப்பட்டால் சிற்றுண்டிச்சாலைக்குப் போங்கள். நாசி லெமாக் மடிக்கிற பெரியம்மாவைத் தெரியும்தானே. புதிதாக வரும் பெற்றோர் அவரிடம் மலாயில் பேசுவார்கள். அவர், "என்னாம்மா வேணும், சம்பல் தூக்கலாவா?" என்பார். பிறப்பால் சீனர். இந்த நாட்டில் ஒரு காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் சீனப் பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள், அப்படி வளர்ந்தவர் அவர். தோட்டத்துப் பள்ளியில் படித்தவர். குறளை என்னைவிட நன்றாகச் சொல்வார். எங்கள் வரிசை வீட்டில் மூன்றாவது வீடு தெலுங்குக் குடும்பம். ஒரு காலத்தில் தோட்டங்களில் தெலுங்குப் பள்ளிகளும் மலையாளப் பள்ளிகளும் இருந்தன. அவை மூடப்பட்டபோது பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்கு வந்தார்கள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கடைத்தெருவில் மலாய். நம் தமிழிலேயே பாதி மலாய்தான். 'பசார் மாலாமுக்குப் (இரவுச் சந்தைக்கு) போனேன், பார்க்கிங் கெடைக்கல' என்று சொல்லாத பெற்றோர் நம்மில் யார்? நமக்குத் தூய தமிழ் ரத்தமும் இல்லை, தூய தமிழும் இல்லை. பேசிப் பேசித்தான் நாம் ஓர் இடத்துக்காரர்கள் ஆனோம்.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். தமிழை விட்டு ஆட்கள் விலகுவதற்கு நாமும் காரணம். போன ஆண்டு வரை வந்த தமிழ்ச் சுற்றறிக்கையை எடுத்துப் பாருங்கள். 'அன்புகூர்ந்து இதன்வழி தெரிவித்துக்கொள்ளப்படுவது யாதெனில்' என்று தொடங்கும். நானே இரண்டு தடவை படித்தால்தான் விளங்கும். சனிக்கிழமை எட்டு மணிக்குத் திடலுக்கு விளக்குமாறு எடுத்துக்கொண்டு வாங்க என்பதுதான் விஷயம். மேடைத் தமிழ் பேசத் தெரியாதவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களும் நம்மில் உண்டு. அப்படிச் சுளித்த முகத்துக்குப் பயந்துதான் பாதிப் பேர் ஆங்கிலத்துக்கு ஓடினார்கள் என்பது என் கணிப்பு. ஆங்கிலத்தில் தப்பாகப் பேசினால் நம் ஆட்கள் மன்னித்துவிடுவார்கள். தமிழில் 'ல'வும் 'ள'வும் மாறினால்தான் மன்னிப்பதில்லை.

இன்னொன்று, சிலருக்குக் கோபம் வரும். தமிழ்ப்பள்ளி என்றால் இந்துப் பள்ளி என்று நாமே சுருக்கிக்கொண்டுவிட்டோம். சபைக்கூடலில் தேவாரம் பாடும்போது கிறிஸ்துவப் பிள்ளைகள் வாய்மூடி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். நம் பள்ளியில் இரண்டு தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன, இப்போது ஒன்றுதான். குறள் சொல்லும்போது எல்லாப் பிள்ளைகளின் வாயும் திறக்கிறது. ருக்குன் நெகாரா என்ற நாட்டுக் கோட்பாட்டு உறுதிமொழிக்கும் திறக்கிறது. பகிர்ந்துகொள்ளும் பண்பு என்று சொன்னால் பகிர முடிகிறதாக இருக்க வேண்டுமல்லவா? பள்ளிப் பாடலை மாற்றுவதைவிட இதைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசினால் நான் கை தூக்குவேன், இந்தத் தடவை தெரிந்தே.

சட்டப்படி மலாய் வேண்டும் என்று ஒருவர் சொன்னார். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகும் கடிதம் மலாயில்தான் போக வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. மலாய் நம் பிள்ளைகளுக்குச் சரளமாக வர வேண்டும். நான் தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப்பள்ளிப் பாடத்துக்கு முன் மலாயைத் தேற்றுவதற்கான புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்தவள், அந்த வலி எனக்குத் தெரியும். ஆனால் நமக்குள் பேசிக்கொள்வதற்கு எந்தச் சட்டம் குறுக்கே நிற்கிறது? தமிழ்ப்பள்ளியிலும் சீனப்பள்ளியிலும் அந்தந்த மொழியில் பாடம் நடத்துவது அரசியலமைப்புக்கு முரண் என்று சிலர் நீதிமன்றம் போனார்கள். 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் முரண் இல்லை என்றது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பு வந்த அன்று நம் புலனக் குழுவில் எத்தனை கைகூப்பும் படங்கள், எத்தனை வாழ்த்து! நீதிமன்றத்தில் நமக்காக வாதாடிக் காத்த மொழியை, ஒரு சனிக்கிழமை காலையில், தேநீர் இடைவேளைக்கு முன்னால், பத்து நிமிடத்தில் நாமே எடுத்து வைத்துவிட்டோம்.

அடுத்ததாக என்ன வரும் என்றும் எனக்குத் தெரியும். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தும் இருமொழித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று கடைசியில் யாரோ சொல்ல, பலர் தலையாட்டினார்கள். 2003இல் தொடங்கி இதே இரண்டு பாடங்களை நாடு முழுக்க ஆங்கிலத்தில் நடத்திப் பார்த்தார்கள், 2012லிருந்து படிப்படியாகத் திரும்ப எடுத்தார்கள். என் அக்காள் மகள் அந்தக் காலத்தில் படித்தவள். ஆசிரியை தமிழில் விளக்குவாராம், கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதுவாராம், பிள்ளைகள் எழுதியதை மனப்பாடம் செய்வார்களாம். இப்போது சூழ்நிலை வேறாக இருக்கலாம், நான் அடம்பிடிக்கவில்லை. அந்தப் பேச்சை எடுக்கும் நாளில் அந்தப் பாட்டிக்கும் புரிகிற மொழியில் எடுங்கள் என்றுதான் சொல்கிறேன். தீர்மானத்தால் வாழப்போவது அவர் பேத்தி.

செயலாளரின் சுமையைக் குறைக்க நான் சும்மா வாய்ப்பேச்சு பேசவில்லை. தமிழ்க் கூட்டக்குறிப்பை நான் தட்டச்சு செய்து தருகிறேன். கிளினிக்கில் எழுத்தர் வேலைதான் எனக்கு, வேகமாக அடிப்பேன். சுற்றறிக்கையை வீட்டில் பேசுகிற மாதிரி நான்கு வரியில் எழுதுவோம், தமிழ் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு அதையே ஒருவர் வாசித்துக் குரல்பதிவாகப் போடட்டும். மலாயும் ஆங்கிலமும் கீழே இருக்கட்டும். கூட்டத்தில் பேசுகிறவர் தமிழில் தடுமாறினால் தடுமாறட்டும், இடையில் ஆங்கிலம் வந்தால் வரட்டும், யாரும் திருத்தக்கூடாது. படிகளுக்குப் புதுச் சாயம் தேவைதான், ஒப்புக்கொள்கிறேன். அதே சொற்களை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள். எட்டாவது படியை மட்டும் அப்படியே விட்டுவிட்டால் என் அம்மாவின் சார்பில் நன்றி, வல்லின றகரத்தோடு.

கூரைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று தெரியப்படுத்துங்கள். பாட்டி கேட்டுக்கொண்டேயிருக்கிறார், எனக்கும் பதில் தெரியவில்லை.

இந்த மடலைக் குழுவில் போடும்போது கூடவே அனுப்பியிருக்கும் குரல்பதிவையும் சேர்த்துப் போடுங்கள். நானே வாசித்திருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். நடுவில் குக்கர் இரண்டு விசில் அடிக்கும், மகன் ஒருமுறை "மா, யார்கிட்ட பேசுறீங்க?" என்று கேட்பான். மறுபடி பதிவு செய்ய நேரமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் ஆண்டு மாணவனின் தாயார்